ஐந்தாம் விதியை மூன்று தரம் எழுதினேன்

போன செமஸ்டர் முடிய ரெண்டு கிழமை இருக்கும்போது, ஹிந்தகலையில் எங்கள் போர்டிங் அறையில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் விளையாட்டு பாதியில் நின்றுபோனது. மழை பெய்துகொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை, தேத்தண்ணி இருந்தது, ஐந்து பேரும் வந்திருந்தோம். விளையாட்டை நிறுத்தியது நான் எழுதிய ஒரு விதி.

நாங்கள் விளையாடுவது டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போவார்கள். "நான் அந்தக் கதவ ஒதச்சுத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா கால் உடைந்ததா என்பதை இருபது பக்கத் தாயக்கட்டை சொல்லும். எங்களிடம் அந்தக் கட்டை இல்லை, போனில் உருட்டுகிறோம். அடிப்படை விதிகளை 2023இல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், அதனால் புத்தகச் செலவும் இல்லை. மஹபொல காசில் மாசத்தை ஓட்டுகிற ஆட்களுக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு கிடையாது.

கதை நடத்துவது நான். மற்ற நால்வரும் பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே பாத்திரத்தின் பெயரால் கூப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்து ரூம்மேட் சூனியக்காரி. அக்குறணைத் தோழி கோடாலி தூக்கிய குள்ளன். மட்டக்களப்புத் தோழி திருடன். முதலாம் வருசத் தங்கச்சி, பதுளைப் பிள்ளை, வேட்டைக்காரி.

பிரச்சினை குள்ளனில் தொடங்கியது. அவளுக்குத் தன் கோடாலியில் மந்திர எழுத்துப் பொறிக்க வேண்டுமாம். இந்த விளையாட்டில் அதற்கு ரூன் என்று பெயர். வடக்கு ஐரோப்பாவில் கல்லிலும் மரத்திலும் எலும்பிலும் வெட்டிய பழைய எழுத்து அது. அதன் மிகப் பழைய வரிசையில் 24 எழுத்து, முதல் ஆறின் ஒலியைச் சேர்த்து ஃபுதார்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாட்டின் விதிகளில் எழுத்தால் காவல் போடுகிற மந்திரம் ஒன்று உண்டு. 200 பொற்காசு பெறுமதியான வைரத்தைப் பொடியாக்க வேண்டும், ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து எழுத வேண்டும், எழுதின பொருள் பத்தடிக்கு மேல் நகர்ந்தால் காவல் உடைந்துவிடும்.

"பத்தடியா? இத எடுத்துக்கொண்டு கலஹா பஸ்ல ஏறவும் ஏலா" என்றாள் குள்ளன்.

"உதெல்லாம் எங்கட வீட்டிலயே கிடக்கு. எங்கட அம்மம்மா நிலைக்கு மேல செப்புத் தகடு அடிச்சு வச்சிருக்கிறா. உனக்கேன் நோர்வே?" இது சூனியக்காரி.

குள்ளன் தன் உம்மும்மாவின் கழுத்தில் தோல் கூட்டுக்குள் தைத்திருந்த இஸ்முவைப் பற்றிச் சொன்னாள். திருடன் கொஞ்சம் கர்வமாகச் சிரித்தாள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று நாடு முழுக்க இருக்கும் பேச்சு அவளுக்குப் பெருமைதான். அன்றைக்கு ராத்திரியே ஒரு மொனிட்டர் கொப்பியின் பின்பக்கத்தில் 'தகடு எழுதும் விதிகள்' என்று தலைப்புப் போட்டேன்.

முதலாம் விதி, எதில் எழுதுவது. வெற்றிலையில் எழுதினால் ஒரு நாள் தாங்கும், ஓலையில் ஒரு மாதம், செம்பில் ஒரு வருசம். செம்பு கிடைக்க ஏதாவது வேலை செய்தாக வேண்டும்.

இரண்டாம் விதி, கட்டம். இதில்தான் எனக்குப் பெருமை. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் சக்கரம் சக்கரமாக வரும், திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று. அதையெல்லாம் மேசையில் வரைய ஏலாது. ஆகவே வீடுகளில் போடும் குபேர கோலத்தை எடுத்தேன். மூன்றுக்கு மூன்று கட்டம், 20 முதல் 28 வரை எண்கள், நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72. எங்கள் விளையாட்டில் நான் மூன்றால் பிரிபடும் ஓர் எண்ணைச் சொல்வேன். எழுதுகிறவர் ரெண்டு நிமிசத்துக்குள் உண்மையாகவே பேனையும் தாளும் எடுத்து ஒன்பது கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நடு எண் எப்பவும் கூட்டுத்தொகையின் மூன்றில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்த அன்றிலிருந்து சூனியக்காரியை ஒருவரும் முந்தவில்லை.

1 முதல் 9 வரை போட்டால் தொகை 15, நடுவில் 5. திருப்பிப் போடுவது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போடுவது எல்லாம் சேர்த்து எட்டு விதமாக எழுதலாம், ஆனால் அடியில் இருப்பது ஒரே அடுக்குதான். நான்கு மூலையிலும் இரட்டை எண்தான் விழும். இதைக் காட்டியபோது குள்ளன் பேனையை வாங்கி மூலைகளில் நான்கு அரபு எழுத்து எழுதினாள். பே, தால், வாவ், ஹே. அரபு எழுத்துகளுக்கு எண் பெறுமதி உண்டு, இந்த நான்குக்கும் 2, 4, 6, 8. உம்மும்மாவின் இஸ்முவில் இருந்ததும் இதே கட்டம்தானாம். கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் விதி, உரு ஏற்றுவது. எழுதிவிட்டால் மட்டும் தகடு வேலை செய்யாது, மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். சிங்களத்தில் இதை 'ஜீவம் கிரீம' என்பார்கள். விளையாட்டில் ராத்திரிக்கு ஒருதரம் கட்டையை உருட்டி, விழும் எண்களைக் கூட்டிக்கொண்டே வந்து 108ஐத் தொட வேண்டும். ஒரு உருட்டலுக்குச் சராசரி பத்தரை என்பதால் பத்துப் பதினொரு ராத்திரி எடுக்கும். அவசரப்படுகிற ஆட்களுக்குச் சரியான தண்டனை.

நான்காம் விதி, அடுத்தவன் மொழி. ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1968இல், சொற்களின் மந்திர சக்தியைப் பற்றி ஒரு பேருரை நிகழ்த்தினார். சிங்களச் சுகப்படுத்தும் சடங்குகளில் சொல்லப்படும் மந்திரங்களில் சமஸ்கிருதம், பாளி, சிங்களம், தமிழ் எல்லாம் கலந்து கிடப்பதை அதில் எடுத்துக்காட்டுகிறார். பேயோடு கதைக்கும்போது நம் நாட்டில் ஒருவரும் மொழிச் சண்டை பிடிக்கவில்லை போல. அதனால், உங்கள் பாத்திரத்துக்குச் சொந்தமில்லாத மொழியில் ஒரு சொல்லை, அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கேட்டுப் படித்துத் தகட்டில் சேர்த்தால், பலம் ரெண்டு கூடும்.

ஐந்தாம் விதி, பத்தியம். தகடு கட்டியவர் மாமிசம் தொடக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, தீட்டுப் படக் கூடாது. மீறினால் தகடு செத்துவிடும். இந்த விதியை எழுத எனக்கு ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. கை தானாக எழுதியது.

அந்தச் சனிக்கிழமை, செப்புத் தகட்டை முதன்முதல் கட்டிக்கொண்டது வேட்டைக்காரி. நான் பத்தியத்தை வாசித்தேன்.

"அக்கா, வேட்டைக்காரி பொம்பளதானே?"

"ஓ."

"அப்ப மாசத்துல அஞ்சு நாள் இவ தகடு வேல செய்யாதா? திருடனுக்கும் குள்ளனுக்கும் மட்டும் எந்த நாளும் வேல செய்யுமா?"

"இல்ல... அது உண்மையிலயே அப்பிடித்தானே சொல்லுவாங்க."

"இது நீங்க எழுதுனதுதானே அக்கா?"

ட்ராகன் இருக்கிற உலகம். ஆகாயத்தில் கப்பல் ஓடுகிற உலகம். அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற அதிகாரம் என் கையில் இருந்தது. நான் அதைப் பாவித்து எங்கள் லயத்துத் தீட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன். அன்றைக்கு மேற்கொண்டு விளையாட மனமில்லை. அஞ்சு பேரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

அந்த விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். அம்மா பிறந்த தோட்டம் தெல்தோட்டைப் பக்கம். எங்கள் லயத்து இஸ்தோப்பில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்க மலையில் அந்த லயங்களின் தகரக் கூரை தெரியும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தம்பிக்கு ரெண்டு வயது. அவனுக்கு இழுப்பு. ராத்திரியில் மூச்சு விசில் மாதிரிக் கேட்கும், விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். அம்மா அவனை ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினாள், தகடு எழுதுகிறவரிடமும் போனாள். ரெண்டில் ஒன்றை நம்பி மற்றதை விடுகிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை.

தகட்டைச் சுருட்டிக் கூட்டில் அடைத்துக் கறுப்புக் கயிற்றில் தம்பியின் இடுப்பில் கட்டினார்கள். ஒரு மண்டலம், 48 நாள், தாயும் பிள்ளையும் பத்தியம். முப்பத்தோராம் நாள் அம்மாவின் அப்பா இறந்துபோனார்.

அம்மா போகவில்லை. அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். பிரேதம் எடுக்கும்போது தப்பு அடித்தார்கள். அந்தச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி எங்கள் லயம் வரைக்கும் கேட்டிருக்கிறது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கும் வரைக்கும் இஸ்தோப்பிலேயே நின்றாள் என்று பக்கத்து வீட்டு அத்தை பிறகு சொன்னார்.

நாற்பதாம் நாள் போல தம்பிக்குத் திரும்பவும் இழுப்பு வந்தது, முன்னதைவிட மோசமாக. ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடித்துத்தான் மூச்சு திரும்பியது. தகடு எழுதியவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில் ஒரு கேள்வி: "அந்தப் பொம்பள என்ன தப்புப் பண்ணுனா?" அதன்பிறகு அம்மா அந்த 40 நாளையும் விரல் விட்டு எண்ணி எண்ணித் தன் தப்பைத் தேடினதை நான் பார்த்திருக்கிறேன். கருவாட்டுச் சட்டியைக் கழுவினதா? சாவு வீட்டுக்குப் போய் வந்த என்னைக் குளிக்க முதல் தொட்டதா? அந்த ரெண்டாவது சந்தேகம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது.

சமூகவியல் படித்தவர்களுக்கு எவன்ஸ்-பிரிட்சர்டின் பெயர் தெரிந்திருக்கும். அசாண்டே மக்களின் சூனியத்தையும் குறி கேட்பதையும் பற்றி 1937இல் எழுதியவர். கோழிக் குஞ்சுக்கு நஞ்சு கொடுத்து, அது செத்ததா பிழைத்ததா என்று பார்த்துக் குறி கேட்பார்கள். குறி தவறினால் அந்த முறையையே சந்தேகிக்க மாட்டார்கள், யாரோ பத்தியத்தை மீறியிருக்கிறார்கள் என்று ஒரு காரணம் கைவசம் இருக்கும். இதை விரிவுரையில் கேட்டபோது நான் மும்முரமாக நோட்ஸ் எழுதினேன். இது அம்மாவைப் பற்றின விசயம் என்று அப்போது உறைக்கவில்லை, பதுளைத் தங்கச்சி கேட்ட பிறகுதான் உறைத்தது.

அடுத்த கிழமை ஐந்தாம் விதியை அழித்துவிட்டு ரெண்டாம் தரம் எழுதினேன். இந்தத் தரம் உதவிக்கு வந்தது ரூன் பிறந்த ஊர்க் கதை. ஐஸ்லாந்தின் 'எகில் சாகா'வில் ஒரு பெண் நெடுநாளாக நோயில் கிடப்பாள். எகில் அவளுடைய படுக்கையைத் தேடிப் பார்க்க, திமிங்கில எலும்பில் வெட்டிய ரூன் ஒன்று கிடைக்கும். அவளைச் சுகப்படுத்துவதாகச் சொல்லி ஒரு குடியானவன் மகன் அரைகுறையாக வெட்டி வைத்தது. எகில் அந்த எழுத்தைச் சுரண்டி நெருப்பில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டித் தலையணைக்குக் கீழ் வைக்க, அவள் தேறுவாள். வாசிக்கத் தெரியாதவன் எழுத்து வெட்டக் கூடாது என்பது அந்த இடத்தில் எகிலின் தீர்ப்பு.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இங்கே குற்றம் எழுதினவன் தலையில். புது விதி இப்படி: பத்தியம் கிடையாது. தகடு தோற்றால் எழுதினவரின் பிழை, எழுதினவர் பத்துப் புள்ளி இழப்பார். சூனியக்காரி மட்டும் முணுமுணுத்தாள். "ஒருத்தரும் இனித் தகடு எழுத மாட்டினம், பார்." அவள் சொன்னதுபோலவே நடந்தது. அடுத்த ரெண்டு விளையாட்டிலும் ஒருவரும் எழுத முன்வரவில்லை. குள்ளன் வெறும் கோடாலியோடு திரிந்தாள்.

லீவுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தத் தகட்டைப் பற்றிக் கேட்டேன். ஆற்றில் விட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆத்துல விடத்தான் சொன்னாங்க. மனசு வரல." ட்ரங்குப் பெட்டியில், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

திறந்து பார்க்கவா என்று கேட்டேன். திறக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனி என்ன இருக்கு, பாரு" என்றாள். தம்பி, ஏ.எல். படிக்கிற பதினேழு வயதுத் தடியன், கூட்டின் மூடியைக் குறட்டால் திருகினான். இன்ஹேலர் ஒன்று எப்பவும் அவன் காற்சட்டைப் பையில் கிடக்கும், மற்றப்படி ஆள் நல்ல சுகம்.

விரல் அகலச் செப்பு. விரித்தால் ஒரு சூலம், ஓம், கீழே ஒன்பது கட்டம். எண்கள் தமிழில் இருந்தன, ௧ ௨ ௩ என்று. போனில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் அதில் பிழை தேடினேன். ஒரே ஒரு கட்டமாவது தவறியிருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. எகில் மாதிரி எடுத்துக் காட்டி, "பாருங்கம்மா, உங்க மேல ஒன்னுமில்ல" என்று சொல்லியிருப்பேன்.

நெடுக்கு 15. குறுக்கு 15. மூலைக்கு மூலை 15. நடுவில் ௫. சுத்தமான கை, ஒரு கீறல்கூடப் பிசகவில்லை. அந்த மனிதர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அம்மா பத்தியத்தை ஒழுங்காக இருந்திருக்கிறாள், தன் அப்பாவின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்காமல். எல்லாம் சரியாக இருந்தும் தம்பிக்கு இழுப்பு வந்தது, ஏனென்றால் அவனுக்கு இருந்தது இழுப்பு வியாதி.

அம்மாவிடம் அப்படியே சொன்னேன், இதில் ஒரு பிழையும் இல்லை, நீங்களும் ஒரு பிழையும் செய்யவில்லை என்று. அம்மா அழவில்லை. தகட்டை முந்தானையில் துடைத்தாள்.

"இது கட்டுன பொறகு முப்பது நாளு நான் நல்லாத் தூங்குனேன் பாப்பா. அத இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

பிறகு தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டே, "மறுபடி முடியாமப் போனப்ப, எழுதுனவரு ஒருக்கா வந்து புள்ளயப் பாத்திருக்கலாம். யாரு தப்புன்னு கேக்காம, சும்மா ஒரு ராத்திரி பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்" என்றாள்.

லீவு முடிந்து வந்து மூன்றாம் தரம் எழுதினேன். இப்போது கொப்பியில் இருப்பது இதுதான்:

ஐந்தாம் விதி. கட்டையில் 1 விழுந்தால் தகடு தோற்கும். எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் தோற்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. எழுதியவர் எங்கே இருந்தாலும் வந்து, கட்டியவரோடு ஒரு ராத்திரி இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை அது நடந்தது. சூனியக்காரி எழுதிய தகடு குள்ளனின் கையில். குள்ளன் உருட்டினாள், 1. நச்சுக் காய்ச்சலில் குகை வாசலில் விழுந்தாள். சூனியக்காரி அந்த நேரம் ட்ராகனின் புதையல் அறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள், மூன்று கிழமையாக நாங்கள் தேடின கதவு. திரும்பிப் போனால் புதையல் போய்விடும் என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"என்ன பிழை எண்டு தகட்டைப் பாக்கலாமோ?"

"ஏலாது."

"அப்ப அங்க போய் நான் என்ன செய்யிறது?"

"பக்கத்துல இரு."

அவள் திரும்பி வந்தாள். புதையலைக் கூளிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன, திருடனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வேட்டைக்காரி எழும்பிப்போய் உண்மையாகவே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். விடியும் வரை காவல் இருந்தார்கள். விளையாட்டில் அந்த ராத்திரிக்குப் புள்ளி எதுவும் கிடையாது.

ஞாயிறு அம்மா கோல் எடுத்தபோது இதெல்லாம் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. போனை வைக்க முதல் கேட்டாள்:

"அந்தக் குள்ளப் புள்ளைக்கு இப்ப சுகமா?"